நாய் பூனையோட வெளிநாட்டுக்குக் குடிபோறீங்களா? கேஎல், பினாங்குக்காரங்களுக்கு எதுக்கு அப்புறம் எதுன்னு ஒரு முழு வழிகாட்டி

வேலை கெடைச்சாச்சு, விசா வந்தாச்சு, பிளைட் டிக்கெட்டும் போட்டாச்சு, இனிமேதான் நாய்க்கு என்ன பேப்பர் வேணும்னு பாக்கணும்னு கெளம்பறவங்கதான் அதிகம், பாதி காரியம் அங்கேயே கெட்டுடுது. மனுசனுக்கு விசா சில வாரத்துல வந்துடலாம், ஆனா நாய்க்கு சில நாட்டுக்குப் போக ஆறு ஏழு மாசம் ஆகும், எவ்வளவு வெள்ளி குடுத்தாலும் அந்த நாள் கொறையாது. பெட்டி, ஏர்லைன், ஏஜெண்ட் எல்லாம் அப்புறம் பேசிக்கலாம். எந்த வேலைக்குப் பின்னாடி எந்த வேலைங்கறதுதான் இதுல எல்லாமே, ஒண்ணு முன்ன பின்ன ஆச்சுன்னா திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்.

இங்க எழுதறது நாய், பூனைக்கு மட்டும், அதுவும் தீபகற்ப மலேசியாவுலேர்ந்து போறவங்களுக்கு. சரவாக்ல 2017லேர்ந்து வெறிநோய் (ரேபிஸ்) இருக்கறதால அங்க இருக்கறவங்க கதை வேற.

முதல் வேலை: போற நாடு என்ன கேக்குதுன்னு பாருங்க

மலேசியாவை விட்டு வெளிய போறது பெரிய விசயமே இல்ல, உள்ள விடற நாடுதான் எல்லாத்தையும் முடிவு பண்ணுது. அந்த நாட்டு அரசாங்க வெப்சைட்டைத் தொறந்து மலேசியா எந்தப் பட்டியல்ல இருக்குன்னு மொதல்ல பாருங்க. பேஸ்புக் குரூப்ல "என் பிரெண்டு போன வருசம் இப்படித்தான் கொண்டு போனாங்க"ன்னு சொல்றதை நம்பாதீங்க, இந்த ரூல் எல்லாம் அடிக்கடி மாறும், நான் கீழ சொல்றதைக்கூட ஒரு தடவை சரி பாத்துக்கோங்க.

2012ல மலேசியா வெறிநோய் இல்லாத நாடுன்னு அங்கீகாரம் வாங்கிருச்சு. மூணே வருசம்தான், 2015ல பெர்லிஸ், கெடா, பினாங்கு மூணு எடத்துலயும் நோய் திரும்ப வந்துச்சு. பினாங்குக்காரங்களுக்கு அப்போ தெருநாய்ங்களைக் கொன்னதும் அதுக்கு எழுந்த சண்டையும் மறந்திருக்காது. அதுக்கப்புறம் சரவாக்ல வேற. அதனாலதான் இப்ப சில நாடு நம்மளை சந்தேகத்தோட பாக்குது, சில நாடு கொஞ்சம் தளர்த்தி விடுது, பக்கத்துப் பக்கத்து நாட்டுக்கே ரூல் ஏணி வெச்சாலும் எட்டாது.

ஆஸ்திரேலியா நம்ம ஆளுங்க நெறைய பேர் போற எடம், கஷ்டமும் அதுதான் அதிகம். நாடுங்களை அவங்க குரூப் குரூப்பா பிரிச்சு வெச்சதுல மலேசியா மூணாவது குரூப்ல இருக்கு. சிப்பு (தோலுக்கு அடியில வெக்கற அடையாள மைக்ரோசிப்), வெறிநோய் ஊசி, அப்புறம் ரத்தம் எடுத்து எதிர்ப்புசக்தி எவ்வளவுன்னு பரிசோதனை, அது ஒரு மில்லிக்கு 0.5 ஐயூ இல்ல அதுக்கு மேல இருக்கணும். அந்த ரத்தம் லேபுக்குப் போய்ச் சேந்த நாள்லேர்ந்து 180 நாள் காத்திருக்கணும். எந்த ஊருக்குக் குடிபோனாலும் சரி, பெர்த்தா இருந்தாலும் பிரிஸ்பேனா இருந்தாலும் மெல்பர்ன்லதான் எறங்கணும், அங்க மிக்கல்ஹாம்ங்கற எடத்துல அரசாங்க குவாரண்டின். 2023 மார்ச்லேர்ந்து ஒரு புது விசயம் சேத்திருக்காங்க: ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடியே அரசாங்க கால்நடை டாக்டர் (வெட்) ஒருத்தர் சிப்பை ஸ்கேன் பண்ணி இது இந்த நாய்தான்னு எழுதிக் குடுத்தா குவாரண்டின் 10 ராத்திரி, இல்லன்னா 30 ராத்திரி. ஒரே ஒரு கையெழுத்துக்கு 20 ராத்திரி வித்தியாசம், அதுக்கான செலவும் உங்க தலையிலதான்.

ஜப்பானும் 180 நாள் கணக்குதான். ரெண்டு வெறிநோய் ஊசி, நடுவுல கொறைஞ்சது 30 நாள் இடைவெளி, அப்புறம் ரத்தப் பரிசோதனை, அப்புறம் காத்திருப்பு, எறங்கறதுக்கு 40 நாள் முன்னாடியே அவங்களுக்குத் தகவல். நாள் கொறைஞ்சா மீதி நாளை அங்க குவாரண்டின்ல கழிக்கணும்.

இங்கிலாந்து, ஐரோப்பா பக்கம் நமக்கு லேசு. மலேசியா அவங்க அனுமதிச்ச பட்டியல்ல இருக்கறதால வெறிநோய் ரத்தப் பரிசோதனை கெடையாது, முதல் ஊசி போட்டு 21 நாள் முடிஞ்சா போதும். ஆனா நமக்குன்னே தனியா ஒரு சங்கதி வெச்சிருக்காங்க, அதைக் கீழ விவரமா சொல்றேன். இங்கிலாந்துக்கு விமானத்துல கார்கோவா மட்டும்தான் போகும், மடியில வெச்சிக்கிட்டு போக முடியாது. நாய்க்கு எறங்கறதுக்கு 24 மணி நேரத்துலேர்ந்து 120 மணி நேரத்துக்குள்ள வர்ற மாதிரி நாடாப்புழு மருந்து குடுத்து வெட் கையெழுத்து வாங்கணும். குடிபோறவங்க டிஓஆர்1 பாரத்துல செல்லப்பிராணியையும் சேத்து எழுதினா வரி விலக்கு கெடைக்கும், அதைச் சாமானுக்கு மட்டும்னு நெனைச்சு விட்டுடாதீங்க.

அமெரிக்காவுக்குப் பூனைன்னா பெருசா தொல்லை இல்ல. நாய்க்குத்தான் 2024 ஆகஸ்ட் 1லேர்ந்து ரூலை இறுக்கிட்டாங்க. ஆறு மாசம் முடிஞ்சிருக்கணும், சிப்பு இருக்கணும், அவங்க நோய்த் தடுப்பு நிறுவனமான சிடிசியோட பாரம் நெரப்பணும். மலேசியா அவங்க வெறிநோய் அபாயப் பட்டியல்ல இருக்கறதால, இங்க ஊசி போட்ட நாய்க்கு அரசாங்க வெட் சான்றிதழ், அங்கீகரிச்ச லேப் ரத்த ரிசல்ட், எறங்கற ஏர்போர்ட்ல சிடிசி பதிவு பெற்ற எடத்துல முன்பதிவு, இவ்வளவும் வேணும். ரத்த ரிசல்ட் இல்லன்னா 28 நாள் அங்க குவாரண்டின்.

சிங்கப்பூர் பாலம் தாண்டினா வந்துடும்னு யாரும் ஏமாறாதீங்க. அங்கயும் லைசென்ஸ், ரத்தப் பரிசோதனை, குவாரண்டின் எடம் முன்பதிவு எல்லாம் உண்டு. அதைவிட முக்கியம் நீங்க எங்க தங்கப் போறீங்கங்கறது. எச்டிபிங்கற அரசாங்க அடுக்குமாடி வீட்டுல ஒரு நாய்தான், அதுவும் அவங்க அனுமதிச்ச சின்ன ரகம். பூனையை 2024 செப்டம்பர் 1லேர்ந்துதான் விட்டிருக்காங்க, ஒரு வீட்டுக்கு ரெண்டு. தாமான்ல வளந்த நம்ம நாட்டு நாயைக் கொண்டு போய் எச்டிபில வெக்கலாம்னு நெனைச்சா, வாடகை ஒப்பந்தத்துல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி அந்த ரகத்துக்கு அனுமதி இருக்கான்னு கேட்டுக்கோங்க.

சென்னைக்குத் திரும்பிப் போறவங்க, பாயான் லெப்பாஸ் பேக்டரியிலயும் சைபர்ஜெயாவுலயும் வேலை பாத்துட்டுப் போறவங்க நெறைய பேர் இருக்கீங்க. ரெண்டு வருசம் வெளிநாட்டுல இருந்துட்டு நிரந்தரமா திரும்பறவங்க ரெண்டு செல்லப்பிராணி வரைக்கும் கூட கொண்டு போகலாம், அந்தக் கணக்குல வரலன்னா தனியா இறக்குமதி லைசென்ஸ் வாங்கணும். அரசாங்க கால்நடை குவாரண்டின் ஆபீஸ்லேர்ந்து முன்கூட்டியே என்ஓசி (ஆட்சேபனை இல்லன்னு குடுக்கற கடிதம்) வாங்கிட்டுத்தான் நாயை ஏத்தணும். சென்னை, டெல்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு, ஐதராபாத், கொச்சி இதுல ஒண்ணுலதான் எறங்கணும். திருச்சிக்கு நேரா பிளைட் இருக்கேன்னு டிக்கெட் போட்டுடாதீங்க.

சிப்பு முன்னாடி, ஊசி பின்னாடி

இது ஒண்ணை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. ஐஎஸ்ஓ தரத்துல 15 இலக்க சிப்பு மொதல்ல, வெறிநோய் ஊசி அதுக்கப்புறம். ஊசி போட்டுட்டு அடுத்த மாசம் சிப்பு வெச்சா ஐரோப்பாவுல அந்த ஊசி கணக்குலயே வராது, எந்த மிருகத்துக்குப் போட்டாங்கன்னு ஆதாரம் இல்லன்னு சொல்லிடுவாங்க, நாய் நல்லா இருந்தாலும் பேப்பர்ல ஊசி போடாத நாய்தான். ஒரே நாள்ல ரெண்டும் செய்யலாம், சிப்பை முதல்ல வெச்சு ஸ்கேன் பண்ணிட்டு அப்புறம் ஊசி.

இங்க நெறைய நாய்க்கு வெறிநோய் ஊசியே போட்டிருக்க மாட்டாங்க, வருசா வருசம் போடற மத்த தடுப்பூசியோட இதுவும் சேந்ததுன்னு நெனைச்சிக்கிட்டு இருப்பாங்க. ஊசிக் கார்டைத் தொறந்து ரேபிஸ்னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கான்னு பாருங்க. அப்படியே, ஒவ்வொரு தடவை வெட்கிட்ட போகும்போதும் ஸ்கேனரை வெச்சுக் காட்டச் சொல்லி அந்த 15 நம்பரையும் நீங்களே ஒவ்வொண்ணா கார்டோட ஒப்பிட்டுப் பாருங்க. கையால எழுதற கார்டுல 1ம் 7ம் ஒரே மாதிரி இருக்கும், 0வும் 6ம் அப்படித்தான். அங்க எறங்கினதும் குவாரண்டின் ஆபீசர் பாக்கற முதல் விசயம் அந்த நம்பர்தான். சிப்பு சில சமயம் கழுத்துப் பின்னாடிலேர்ந்து தோள்பட்டைக்கு நகந்து போயிருக்கும், அதுக்குப் பயப்பட வேணாம், எங்க இருக்குன்னு வெட்டை எழுதி வெக்கச் சொல்லுங்க.

ரத்தப் பரிசோதனை கேக்கற நாட்டுக்குன்னா ஊசி போட்டு மூணு நாலு வாரம் கழிச்சு ரத்தம் எடுக்கறது வழக்கம். அவசரப்பட்டு மறுவாரமே எடுத்தா 0.5க்குக் கீழ வந்து, திரும்ப ஊசி, திரும்ப காத்திருப்பு. லேப் எதுன்னும் கேளுங்க, போற நாடு அங்கீகரிச்ச லேப்பா இருக்கணும், பக்கத்து டவுன்ல இருக்கற லேப் ரிசல்ட் எல்லாம் செல்லாது. ஊசியைக் காலாவதி ஆக விட்டுடாதீங்க, ஒரு நாள் பிந்தினாலும் சில நாட்டுக்கு அந்த 180 நாளும் போச்சு.

நம்ம நாட்டுக்குன்னே ஒரு பரிசோதனை: நிப்பா

இது தெரியாம கெளம்பறவங்க நெறைய, ஏஜெண்டுங்க சில பேருக்கே தெரியறது இல்ல, அதனால கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன்.

1998ல ஈப்போ பக்கம் பன்னிப் பண்ணையில ஆரம்பிச்சு நெகிரி செம்பிலான் வரைக்கும் பரவுன அந்த நோய் ஞாபகம் இருக்கா? மொதல்ல ஜப்பானிஸ் என்செபலைட்டிஸ்னு நெனைச்சு கொசு மருந்து அடிச்சிக்கிட்டு இருந்தாங்க. 1999 மார்ச்ல மலாயா பல்கலைக்கழகத்துல டாக்டர் சுவா காவ் பிங் புது வைரசைக் கண்டுபிடிச்சார், நெகிரி செம்பிலான் சுங்கை நிப்பா கிராமத்துப் பேரையே அதுக்கு வெச்சாங்க. நூறு பேருக்கு மேல செத்தாங்க, பத்து லட்சம் பன்னி வரைக்கும் அழிச்சாங்க. அந்தப் பண்ணைங்கள்ல இருந்த நாய்ங்களுக்கும் தொத்தியிருந்துச்சு.

அது முடிஞ்சு இவ்வளவு வருசம் ஆகியும் ஐரோப்பாவும் இங்கிலாந்தும் தீபகற்ப மலேசியா நாய் பூனைக்கு மட்டும் நிப்பா சான்றிதழ் கேக்குது. கேக்கறது மூணு: கெளம்பறதுக்கு முன்னாடி 60 நாளா பன்னியோட எந்தத் தொடர்பும் இருக்கக்கூடாது, அந்த 60 நாள்ல நிப்பா வந்த எடத்துல இருந்திருக்கக்கூடாது, கெளம்பறதுக்கு 10 நாளுக்குள்ள எடுத்த ரத்தத்துல எலிசா பரிசோதனை நெகட்டிவ் வரணும். கண்டோல வளந்த பூனை பன்னியை எங்க பாத்துச்சுன்னு சிரிப்பு வரும், ஆனா பேப்பர் இல்லன்னா ஏத்த மாட்டாங்க.

இதுல சிக்கல் அந்த 10 நாள். ரத்தம் எடுத்து, லேபுக்கு அனுப்பி, ரிசல்ட் வந்து, அதைக் காட்டி அரசாங்க வெட்கிட்ட கையெழுத்து வாங்கி, விமானம் ஏறணும், எல்லாம் 10 நாளுக்குள்ள. அதனால லண்டனுக்கோ பிராங்க்பர்ட்டுக்கோ போறவங்க டிக்கெட் போடறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே ஜாபாத்தான் பெர்க்கிட்மாத்தான் வெட்டரினார் (அரசாங்க கால்நடைச் சேவை இலாகா) ஆபீசுக்குப் போன் பண்ணி, நிப்பா ரத்தத்தை எந்த லேப் பாக்குது, எந்தக் கிழமை அனுப்பணும், ரிசல்ட் எத்தனை நாள்ல வரும்னு கேட்டு எழுதி வெச்சுக்கோங்க. கெளம்பற நாளை அந்தப் பதிலுக்கு ஏத்த மாதிரி வைங்க.

அப்புறம் லீவு. நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு, தீபாவளி இதை ஒட்டி கெளம்பறது வேண்டவே வேண்டாம். சீனப் புத்தாண்டுக்கு பாதி கிளினிக் ஒரு வாரம் சாத்தியிருக்கும், நோன்புப் பெருநாளுக்கு அரசாங்க ஆபீஸ்ல ஆள் இருக்காது, பினாங்குன்னா தைப்பூசத்துக்கும் லீவு. 10 நாள்ல அஞ்சு நாள் லீவுலயே போயிடும்.

பெட்டி: அளவெடுக்கறதை நீங்களே செய்யுங்க

கடைக்காரர் "லேப்ரடாருக்கு இந்த சைஸ்தான் போஸ்"னு குடுக்கறதை வாங்காதீங்க. நாயைச் சமதரையில நேரா நிக்க வெச்சு, தையல்காரர் டேப்பை எடுத்து நாலு அளவு எடுங்க. மூக்கு நுனியிலேர்ந்து வால் ஆரம்பிக்கற எடம் வரைக்கும் ஒண்ணு. தரையிலேர்ந்து முன்னங்கால் முட்டி (நம்ம முழங்கை மாதிரி மேல இருக்கற மூட்டு) வரைக்கும் ஒண்ணு. தோள்பட்டையோட அகலம் ஒண்ணு. தரையிலேர்ந்து தலை உச்சி வரைக்கும் ஒண்ணு, காது தூக்கியிருந்தா காது நுனி வரைக்கும். அயாட்டாங்கற உலக ஏர்லைன் சங்கத்தோட கணக்குப்படி முதல் அளவோட ரெண்டாவதுல பாதியைச் சேத்தா பெட்டி நீளம், தோள் அகலத்தை ரெண்டால பெருக்கினா பெட்டி அகலம், உயரத்தோட கீழ விரிக்கற துணி கனத்தையும் சேத்தா பெட்டி உயரம்.

ஒரு நாட்டு நாய், 18 கிலோன்னு வைங்க. நீளம் 75 சென்டி, முட்டி 34, தோள் 22, உயரம் 62. பெட்டி உள்ள 92 நீளம், 44 அகலம், விரிப்போட 65 உயரம் வேணும். கார்கோவுல நாய் எடையை மட்டும் பாக்க மாட்டாங்க, மூணையும் பெருக்கி 6000ஆல வகுத்து வர்ற எடை, நெஜ எடை, இதுல எது அதிகமோ அதுக்குக் காசு. அந்தக் கணக்குல இதுக்கு கிட்டத்தட்ட 44 கிலோ. அதே நாய்க்கு 102க்கு 69க்கு 76 ரெடிமேட் பெட்டி வாங்கினா 89 கிலோ! நாய் அதே நாய்தான். அதுக்காகச் சின்னதா வாங்கிடாதீங்க, நிக்க, திரும்ப, படுக்க முடியலன்னா கவுண்டர்லயே திருப்பி அனுப்பிடுவாங்க. அளவுக்குச் செய்யற மரப்பெட்டி சில சமயம் மொத்தத்துல மலிவா முடியும், ஆனா கட்டை மரம் போட்டா அதுக்கு ஐஎஸ்பிஎம் 15 முத்திரை (மரத்துல பூச்சி இல்லாம பதப்படுத்தினதுக்கு அடையாளம்) வேணும், பிளைவுட்டுக்கு வேணாம்.

பிளாஸ்டிக் பெட்டின்னா ஓரத்துல வர்ற பிளாஸ்டிக் கிளிப்பைக் கழட்டிட்டு இரும்பு போல்ட் நட் போடுங்க, சக்கரம் இருந்தா எடுத்துடுங்க, தண்ணிக் கிண்ணம் கதவைத் தொறக்காமலே வெளியிலேர்ந்து ஊத்தற மாதிரி இருக்கணும். பக், ஷி சூ, பெர்சியன் பூனை மாதிரி சப்பை மூக்கு ரகத்துக்குப் பெட்டி ஒரு 10 சதவீதம் பெருசா வேணும், நெறைய ஏர்லைன் அதுங்களை ஏத்தவே மாட்டாங்க, மூச்சுத் திணறும். அதை மொதல்லயே கேட்டுடுங்க.

பெட்டியை ரெண்டு மூணு மாசம் முன்னாடியே வாங்கி ஹால்ல கதவைக் கழட்டி வைங்க. சாப்பாட்டை அதுக்குள்ள வைங்க, பழைய கைலி ஒண்ணைப் போடுங்க, உங்க வாசனை இருக்கற துணி. ரெண்டு வாரத்துல அதுவே போய்ப் படுத்துக்கும். அப்புறம் கதவை மாட்டி அஞ்சு நிமிசம், அரை மணி, ஒரு ராத்திரின்னு கூட்டிக்கிட்டே போங்க. மயக்க மருந்து குடுத்து அனுப்பலாமான்னு எல்லாரும் கேக்கறீங்க. கூடாது. மேல போனா ரத்த அழுத்தம் கொறைஞ்சு உயிருக்கே ஆபத்து, ஏர்லைனும் ஏத்தாது.

ஏர்லைனும் ஏஜெண்டும்

பினாங்குலேர்ந்து போறவங்க பெரும்பாலும் கேஎல் ஏர்போர்ட்டான கேஎல்ஐஏ வழியாத்தான் போகணும். பாயான் லெப்பாஸ்லேர்ந்து உள்நாட்டு விமானத்துல ஏத்தி அங்க மாத்தறதை விட ராத்திரியில கார்ல பிளஸ் ஹைவேயில எறங்கிடறது நல்லது, நாய்க்கு ஒரு ஏத்தம் எறக்கம் மிச்சம். கேஎல்ஐஏ கார்கோ பக்கம் மாஸ்கார்கோவோட மிருகங்களுக்கான ஓட்டல் ஒண்ணு இருக்கு. முடிஞ்சா நேரடி விமானம், முடியலன்னா மிருகங்களைப் பாத்துக்க வசதி இருக்கற ஊர்ல மட்டும் மாத்துங்க, அந்த நாட்டுக்கு டிரான்சிட் பெர்மிட் வேணுமான்னும் கேளுங்க.

நீங்க போற அதே விமானத்துல நாயும் போகணும்னு கட்டாயம் இல்ல. ஆனா ஐரோப்பா, இங்கிலாந்துக்குன்னா நீங்க போற நாளுக்கு முன்ன பின்ன 5 நாளுக்குள்ள நாய் போயிடணும், அதைத் தாண்டினா வியாபாரச் சரக்குன்னு கணக்கு வெச்சு வேற பாரம் கேப்பாங்க.

ஏஜெண்ட் வேணுமா? என் அபிப்பிராயம், ஆஸ்திரேலியா, ஜப்பான், அமெரிக்கா நாய் இதுக்கெல்லாம் வெச்சுக்கோங்க, சென்னைக்கு ஒரு பூனைன்னா நீங்களே அலைஞ்சு முடிச்சுடலாம். வெச்சாலும் பேப்பரை அவங்க கையில விட்டுட்டு மறந்துடாதீங்க. மொத்தத் தொகை சொல்லும்போது பெட்டி, லேப் செலவு, அங்க எறங்கின பிறகு ஆகற கிளியரன்ஸ், குவாரண்டின் எல்லாம் சேந்ததான்னு எழுத்துல கேளுங்க. "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்கா, கவலைப்படாதீங்க"ன்னு வாட்சப்ல சொல்றது ரசீது ஆகாது.

கடைசி பத்து நாள்

உங்க வெட் ஒடம்பு நல்லா இருக்குன்னு எழுதிக் குடுப்பாரு, அது மட்டும் போதாது. அதை வெச்சு அரசாங்க வெட்டரினார் ஆபீஸ்ல ஹெல்த் சர்டிபிகேட் வாங்கணும், போற நாட்டோட பாரத்துலயே. ஏற்றுமதி பெர்மிட் தனி, அதை மாக்கிஸ்ங்கற அரசாங்க குவாரண்டின் இலாகா குடுத்துக்கிட்டு இருந்துச்சு, 2025லேர்ந்து எல்லைச் சோதனை வேலை ஏகேபிஎஸ்ங்கற புது நிறுவனத்துக்குக் கீழ போயிருக்கு, அதனால பழைய கவுண்டருக்கே போய் நிக்காம எங்க விண்ணப்பிக்கணும்னு முன்னாடியே கேட்டுக்கோங்க.

இந்த சமயத்துல உண்ணியைக் கவனிங்க. நம்ம ஊர் வெக்கையில புல்லுல ஒரு சுத்து சுத்தினா போதும், காது மடிப்புல, விரல் இடுக்குல ஒட்டிக்கும். மருந்தைப் பல வாரம் முன்னாடியே ஆரம்பிச்சு விடாம போடணும், கெளம்பற காலையில கூட விரல் இடுக்கை எல்லாம் பிரிச்சுப் பாருங்க. ஆஸ்திரேலியாவுல எறங்கும்போது ஒரே ஒரு உண்ணி இருந்தாலும் குவாரண்டின் நாளும் செலவும் ஏறலாம்.

கெளம்பற நாள் ராத்திரி விமானமா பாருங்க, மத்தியான வெயில்ல கார்கோ வாசல்ல நிக்க வேணாம். லேசா சாப்பாடு சில மணி நேரம் முன்னாடி, தண்ணி கடைசி வரைக்கும். ஏத்தறதுக்கு முன்னாடி நல்லா நடக்க விட்டு ஒண்ணுக்கு ரெண்டுக்கு போக வைங்க. எல்லா பேப்பரும் மூணு செட்: பெட்டி மேல பிளாஸ்டிக் உறையில ஒண்ணு, உங்க கையில ஒண்ணு, போன்ல படம் ஒண்ணு. ஒரிஜினலை எங்க வெக்கணும்னு கார்கோ ஆளைக் கேட்டு வைங்க.

கொண்டு போகவே கூடாதது

வயசான, இதயக் கோளாறு இருக்கற நாயை 180 நாள் காக்க வெச்சு, அப்புறம் பெட்டியில அடைச்சு, அப்புறம் குவாரண்டின்ல போட்டுக் கொண்டு போறது அதுக்காகவா நமக்காகவான்னு யோசிங்க. பத்து வருசமா அதைத் தெரிஞ்ச சித்தி வீட்டுல, பழகின வாசல்ல விட்டுட்டுப் போறது துரோகம் இல்ல. மாசா மாசம் செலவுக்கு அனுப்புங்க, அவ்வளவுதான்.

கிளி வளக்கறவங்க கதையே வேற. ஆப்ரிக்கன் கிரே கிளி 2017லேர்ந்து சைட்டிஸ் (அழிஞ்சுக்கிட்டு வர்ற உயிரினங்களை நாடு விட்டு நாடு கொண்டு போறதைக் கட்டுப்படுத்தற உலக ஒப்பந்தம்) முதல் பட்டியல்ல இருக்கு, நட்சத்திர ஆமை 2019லேர்ந்து. இங்க பெர்ஹிலித்தான் (வனவிலங்கு இலாகா) பேப்பர் இல்லாம வாங்கின பறவையைக் கொண்டு போக நெனைச்சா செல்லப்பிராணி விசயமா இருக்காது, கேஸா ஆயிடும்.

எறங்கின பிறகு

முதல் வாரம் சரியா சாப்பிடாது, மூலையில ஒளிஞ்சுக்கும், பூனைன்னா கட்டிலுக்கு அடியிலேர்ந்து வராது, விட்டுடுங்க. இங்க சாப்பிட்ட அதே சாப்பாட்டுல ஒரு பை கொண்டு போக முடியுமான்னு பாருங்க, இறைச்சி கலந்ததை சில நாடு உள்ள விடாது, அப்படின்னா அங்க கெடைக்கற பிராண்டுக்கு இங்கயே ஒரு மாசம் முன்னாடி மாத்திப் பழக்கிடுங்க. பூனையைக் கொறைஞ்சது ஒரு மாசம் வெளிய விடாதீங்க. உள்ளூர் கவுன்சில்ல லைசென்ஸ் வேணுமான்னு பாருங்க. இங்க பினாங்கு எம்பிபிபிலயோ கேஎல் டிபிகேஎல்லயோ எடுத்த லைசென்ஸ் அங்க எதுக்கும் ஆகாது. சிப்பு பதிவுல இன்னும் உங்க பழைய மலேசியா நம்பர்தான் இருக்கும், அதை முதல் வாரத்துலயே மாத்திடுங்க, நாய் புது ஊர்ல வழி தவறிப் போறது பெரும்பாலும் அந்த முதல் மாசத்துலதான்.